பழைய இரும்பு பாத்டப்: பூசுறதோ, உடைச்சு எடுக்கிறதோ?

நீங்கள் கேட்டது பூசுறதோ மாத்துறதோ எண்டு. ரொறன்ரோவின்ர ஸ்காபரோப் பக்கம் 1950களில கட்டின பங்களோ (மாடியில்லாத வீடு) வாங்கியிருக்கிறியள், வீட்டில ஒரே ஒரு பாத்ரூம், டப் அடியெல்லாம் மஞ்சளாச் சொரசொரத்துப் போய்க் கிடக்கு, தண்ணி போற ஓட்டைக்குப் பக்கத்தில காசளவில ஒரு கறுத்த பொட்டு. ஒருத்தர் அறுநூறு டொலருக்குப் பூசித் தாறன் எண்டிட்டார், இன்னொருத்தர் எல்லாத்தையும் உடைச்சுப் புதுசாச் செய்யப் பதினாலாயிரம் கேக்கிறார், உங்கட அவர் கடையில விக்கிற பெயின்ட் பெட்டியை வாங்கித் தானே அடிக்கிறன் எண்டுறார், இதுக்குள்ள ஊரில இருந்து மாமியும் வரப்போறா. இவ்வளவையும் வாசிக்க எனக்கு விளங்கினது என்னெண்டா, இப்ப அறுநூறைக் குடுத்திட்டுப் பிறகு ரெண்டு வருசத்தில அந்தப் பதினாலாயிரத்தையும் குடுக்க வேண்டி வந்திடுமோ எண்டுறதுதான் உங்கட பயம். நியாயமான பயம்தான். அதுக்கு மறுமொழி டப்பில பாதி, டப்பைச் சுத்தி நிக்கிற சுவரில பாதி இருக்கு.

நான் ரொறன்ரோவில பாத்ரூம் உடைச்சுக் கட்டுற வேலைதான் கனகாலமாச் செய்யிறன். பூசுற ஆள் நான் இல்லை, அது தனித் தொழில், ஆனா பூசினது பிறகு எப்பிடிக் கழருது எண்டு நிறையப் பாத்திருக்கிறன். படத்தை வைச்சு முடிவு சொல்ல ஏலாது, அதால நீங்களே பாத்துக் கண்டுபிடிக்கிற மாதிரிச் சொல்லுறன்.

முதல் அது என்ன டப் எண்டு பாருங்கோ. அந்த வயசு வீடுகளில அனேகமா ரெண்டு சாதிதான், ஒண்டு வார்ப்பிரும்பு, மற்றது ஸ்டீல் தகடு. காந்தம் வைச்சுப் பாக்கச் சொல்லி எல்லாரும் சொல்லுவினம், ஆனா காந்தம் ரெண்டிலயும் ஒட்டும், ஒட்டாட்டி பிளாஸ்டிக் எண்டு மட்டும்தான் அதில தெரியும். விரல் மொழியால பக்கச் சுவரில தட்டிப் பாருங்கோ, மந்தமாத் 'தொம்' எண்டா வார்ப்பிரும்பு, பாத்திரம் மாதிரிக் கணீரெண்டா ஸ்டீல். இன்னும் உறுதியாப் பாக்கோணுமெண்டா பைப் இருக்கிற சுவருக்குப் பின்பக்கம், கனக்க வீடுகளில ஒரு அலுமாரிக்குள்ள, சின்னப் பலகை மூடி ஒண்டு இருக்கும், அதைக் கழட்டி டோர்ச் அடிச்சுப் பாத்தா வார்ப்பிரும்பு கரடுமுரடாத் தடிப்பாத் தெரியும், சில நேரம் வார்த்த திகதியே எழும்பி நிக்கும். அஞ்சடி நீள வார்ப்பிரும்பு டப் 300, 350 இறாத்தல் வரும், ஸ்டீல் அதில மூண்டில ஒரு பங்குதான். இது ஏன் முக்கியமெண்டா, வார்ப்பிரும்பெண்டா காப்பாத்த நல்ல காரணம் இருக்கு, ஸ்டீல் ஓட்டையடியில துருப்பிடிச்சிருந்தா அதோட மல்லுக்கட்டிப் பிரயோசனமில்லை.

ரெண்டுக்கும் மேல இருக்கிற வெள்ளை ஒரே சாமான்தான், கண்ணாடி. உண்மையாவே கண்ணாடி. அதைத் தூளாக்கி, சிவக்கக் காய்ச்சின இரும்புக்கு மேல தூவி, 800 பாகை செல்சியஸ் அளவில உருக்கி ஒட்ட வைக்கிறது. (பியூக் கார் தெரியுமெல்லோ, அந்த டேவிட் பியூக் கார்ப் பக்கம் வர முதல் டிட்ரொயிட்டில வார்ப்பிரும்பில இனாமல், அதாவது இந்தக் கண்ணாடிப் பூச்சு, ஏத்துற முறை கண்டுபிடிச்சு டப் வித்த மனுசன். அதையே செய்துகொண்டிருந்திருந்தா கடைசிக் காலத்தில கஷ்டப்பட்டிருக்க மாட்டார்.) அந்தக் கண்ணாடி அம்பது அறுபது வருசம் நிண்டு பிடிக்கும். அதின்ர மினுக்கத்தைக் கொல்லுறது கூடுதலா ரெண்டுதான், கொமெட் மாதிரிக் கிளீனிங் தூள் போட்டு உரஞ்சுறதும் அமிலமும். மேல் மினுக்கம் ஒருக்கா அரிச்சுப் போச்செண்டா எந்தப் பொலிஷாலயும் அதைத் திரும்பக் கொண்டுவர ஏலாது, இதில எனக்குச் சந்தேகமே இல்லை, பழையபடி மினுங்கப் பண்ணும் எண்டு போத்தலில விக்கிறது அனேகமா மெழுகு மாதிரி ஒண்டுதான்.

ஆனா உங்கட டப் உண்மையில தேஞ்சிட்டுதோ, இல்லாட்டி அழுக்குத்தானோ எண்டு முதல் பாக்கோணும், ஏனெண்டா நான் பாக்கிறதில கன டப் தேஞ்சது இல்லை, முதல் இருந்த ஆக்களின்ர சவுக்காரமும் ஒண்டாரியோ ஏரித் தண்ணியின்ர சுண்ணாம்பும் சேந்து படிஞ்சு காஞ்ச ஒரு தோல்தான். உள்ளங்கையளவு இடத்தை எடுத்து, பாத்திரம் கழுவுற சோப்பும் சுடுதண்ணியும் போட்டுக் கழுவி, பிறகு தண்ணி கலந்த வினாகிரியில துணி நனைச்சு ஒரு அஞ்சு நிமிசம் வைச்சு, பிளாஸ்டிக் துண்டொண்டால சுரண்டிப் பாருங்கோ. கனநேரம் விடாதேங்கோ, பழைய இனாமல் கனக்க அமிலம் தாங்காது. வினாகிரி போடுற அண்டைக்குப் பிளீச்சைக் கிட்டவும் கொண்டு வரவேண்டாம், ரெண்டும் சேந்தா குளோரின் வாயு வரும், சின்னப் பாத்ரூமுக்குள்ள அது விளையாட்டில்லை. அந்த இடம் காஞ்சாப் பிறகு சாதாரணப் பென்சிலால ஒரு கோடு போட்டு ஈரத் துணியால துடையுங்கோ. கோடு போயிட்டுதெண்டா கண்ணாடி உயிரோட இருக்கு, துப்புரவாக்கினாக் காணும். எவ்வளவு துடைச்சும் கோடு நிக்குதெண்டா மேல் தோல் அரிச்சுப் போச்சு, அந்தச் சின்னச் சின்னக் குழியளுக்குள்ளதான் ஊத்தை போய் இருக்குது. இது எங்கட கைவைத்தியம் இல்லை, இனாமல் அமிலத்தைத் தாங்குதோ எண்டு பரிசோதிக்கிற இடங்களிலயும் பென்சில் கோடு போட்டுத் துடைச்சுத்தான் பாக்கிறவை. மஞ்சள் நிறத்தைப் பொறுத்தவரை, பைப் சொட்டுற இடத்துக்கு நேர கீழ கோடா இருந்தா அது இரும்புக் கறை, ஒக்ஸாலிக் அமிலம் இருக்கிற கிளீனர் கொஞ்சம் போட்டாப் போகும். பச்சை நீலமா இருந்தா செப்புக் குழாயில இருந்து வாறது. எதெண்டாலும் சொட்டுற பைப்பை முதல் திருத்துங்கோ, சொட்டிக்கொண்டே இருந்தா நீங்கள் பூசினதும் அந்த இடத்தில இருந்துதான் கழரத் தொடங்கும்.

அந்தக் கறுத்த பொட்டுக்கு வாறன். கறுப்பு எண்டா கண்ணாடி தெறிச்சு உள்ள இருக்கிற இரும்பு தெரியுது. ஸ்குரூ டிரைவர் நுனியால மெல்லக் குத்திப் பாருங்கோ. கெட்டியா இருந்தா, துருவைச் சுரண்டிப்போட்டு எப்பொக்சி (ரெண்டு சாமான் கலந்தா இறுகிற பசை) வைச்சு நிரப்புறது ஒரு பின்னேர வேலை. குத்தேக்க உதிருதெண்டா, அதுவும் ஸ்டீல் டப் எண்டா, இந்தக் கதையை இதோட முடிச்சிட்டு நேர மாத்துற பக்கம் போங்கோ. துரு பூச்சுக்குக் கீழயும் நடந்துகொண்டுதான் இருக்கும்.

இப்ப அந்த அறுநூறு டொலர் வேலை. அவை அதை ரீகிளேசிங் (திரும்பக் கண்ணாடி ஏத்துறது) எண்டுவினம், சிலர் போர்சலின், அதாவது பீங்கான், எண்டு கூடச் சொல்லுவினம், ஆனா உங்கட பாத்ரூமுக்குள்ள வைச்சு ஒருத்தரும் 800 பாகையில கண்ணாடி உருக்கப்போறதில்லை. அது பெயின்ட். நல்ல பெயின்ட், ரெண்டு போத்தல் கலந்து ஸ்பிரே பண்ணி இறுகிற பெயின்ட், ஆனா பெயின்ட்தான், கண்ணாடியை விட எவ்வளவோ மென்மை. ஒழுங்காச் செய்தா புதுசு மாதிரியே இருக்கும், அதை நான் மறுக்கேல்லை. எவ்வளவு காலம் நிக்கும் எண்டதில தான் ஆளுக்காள் வித்தியாசம், மூண்டு வருசத்தில உரிஞ்சதும் பாத்திருக்கிறன், பத்து வருசம் தாண்டி நிக்கிறதும் பாத்திருக்கிறன், பெயின்ட் நல்லதோ கூடாததோ எண்டதை விட அடிக்கிறதுக்கு முதல் செய்யிற வேலைதான் அந்த வித்தியாசத்தைக் கொண்டு வருது எண்டு நான் நினைக்கிறன். டப்பும் டைலும் சேர்ற இடுக்கில அடிச்சிருக்கிற ரப்பர் மாதிரிப் பசை, அந்தப் பழைய சிலிக்கோனை முழுக்கச் சுரண்டி எடுக்கோணும், கண்ணுக்குத் தெரியாத சிலிக்கோன் கொஞ்சம் இருந்தாலே பெயின்ட் அந்த இடத்தில ஒட்டாமல் குழி குழியா விலகும். தண்ணி போற ஓட்டையில இருக்கிற உலோக வளையத்தையும், மேல வழிஞ்சு போற ஓட்டை மூடியையும் கழட்டிப்போட்டு உள்விளிம்பு வரைக்கும் அடிக்கோணும். கழட்டாமல் டேப் ஒட்டிப்போட்டு அடிச்சா அந்த விளிம்பால தண்ணி உள்ள போகும், பிறகு அதில இருந்துதான் தோல் மாதிரி உரிஞ்சு வரும். மினுக்கமான கண்ணாடியில பெயின்ட் பிடிக்காது எண்டபடியால் அமிலம் போட்டோ தேய்ச்சோ சொரசொரப்பாக்கி, பிறகு ஒட்டுறதுக்கெண்டு ஒரு மருந்து தடவித்தான் மேல அடிக்கிறவை. ரெண்டு மணித்தியாலத்தில வந்து முடிச்சிட்டுப் போறன் எண்டு ஆராவது சொன்னா, இதில எதையோ விடப்போறார் எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ.

இந்த வேலையில வாற புகை பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லத்தான் வேணும், ஏனெண்டா உங்கட அவர் தானே அடிக்கிறன் எண்டு நிக்கிறார். தொழில்காரர் அடிக்கிற கனக்கப் பெயின்டில ஐசோசயனேட் எண்டொரு சாமான் இருக்கு, அது மூச்சில போய்ப் பழகினா ஆஸ்துமா வரப் பண்ணும், அதாலதான் அவை காத்துக் குழாய் பூட்டின முகமூடி போட்டு, யன்னலால பெரிய ஃபான் வைச்சு வெளியால இழுத்துக்கொண்டு செய்யிறது. அதைவிடப் பயங்கரம் பழைய பூச்சைக் கரைக்கிற மெதிலின் குளோரைட். அந்த ஆவி காத்தை விடப் பாரம், மேல எழும்பாமல் டப்புக்குள்ளயே தேங்கி நிக்கும், குனிஞ்சு சுரண்டுற ஆளின்ர முகமும் அங்கதான் நிக்குது. அமெரிக்காவில 2000க்கும் 2011க்கும் இடையில டப் பூசுற வேலையில மட்டும் 13 பேர் இப்பிடிச் செத்ததாக அங்கத்தைய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல அறிக்கை விட்டது, 2019இல பெயின்ட் கரைக்கிறதுக்கெண்டு பொதுமக்களுக்கு அதை விக்கிறதையே அங்க தடை செய்தவை. கடையில விக்கிற பெட்டிக்குள்ள மெதிலின் குளோரைட் இல்லைத்தான், அதுக்குள்ள இருக்கிறது சாதாரணத் தூரிகையால பூசுற எப்பொக்சி, நிலக்கீழ் அறையில எப்பவாவது பாவிக்கிற டப்புக்குப் பரவாயில்லை எண்டு சொல்லுவன். ஒரே பாத்ரூம் இருக்கிற வீட்டில நாளுக்கு அஞ்சு பேர் குளிக்கிற டப்புக்கு வேண்டாம். கெதியா மஞ்சளாகும், தூரிகைக் கோடு தெரியும், அதோட ஒருக்கா அதை அடிச்சிட்டியள் எண்டா பிறகு வாற தொழில்காரர் அதைச் சுரண்டி எடுக்கத் தனிக்காசு கேப்பார், சிலர் வரவே மாட்டினம்.

இன்னொண்டு, ஈயம். பழைய இனாமலுக்குள்ள ஈயம் இருக்கலாம், எல்லாத்திலயும் இருக்கு எண்டில்லை. மினுக்கம் இருக்கும்வரை அது கண்ணாடிக்குள்ள கட்டுண்டு கிடக்கும், தேஞ்சுபோனா மேற்பரப்பில வர இடமிருக்கு. கடையில வாங்குற, தடவினா நிறம் மாறுற குச்சியை நான் முழுக்க நம்புறதில்லை, ஆனா சின்னப் பிள்ளையள் டப்புக்குள்ள இருந்து தண்ணி குடிச்சு விளையாடுற வயசெண்டா ஆய்வுகூடத்தில குடுத்துப் பாக்கிறது நல்லது. கட்டாயமாச் செய்யக்கூடாதது எண்டா, வறளியா சாண்டர் போட்டு அந்த டப்பைத் தேய்க்கிறது. தூசு வீடு முழுக்கப் போகும்.

சரி, மாத்துறது. டப்பின்ர விலையைப் பாத்து ஏமாறாதேங்கோ, நல்ல அக்ரிலிக் (ஒரு சாதிப் பிளாஸ்டிக்) டப் சில நூறு டொலருக்கு வாங்கலாம். காசு போறது சுவரில. டப்பின்ர விளிம்பு டைலுக்குப் பின்னால போய் நிக்குது, அதால டைலை உடைக்காமல் டப்பை எடுக்க ஏலாது. உங்கட வயசு வீட்டில டைல் இப்ப மாதிரி பசை பூசி ஒட்டினதா இருக்காது, கம்பிவலை அடிச்சு ஒரு அங்குலத்துக்குக் கிட்டச் சீமெந்து போட்டு அதில பதிச்சதா இருக்கத்தான் வாய்ப்புக் கூட. அந்த வேலை இப்ப செய்யிற ஆக்கள் குறைவு, நல்லா நிக்குதெண்டா அதை உடைக்க எனக்கே மனம் வராது. உடைக்கிறதெண்டா அந்தக் காலத்துப் பிளாஸ்டர், சுவர்ப் பூச்சு, தரை வைனல் டைல் எல்லாத்திலயும் அஸ்பெஸ்டஸ் (தூசா மூச்சில போனா நுரையீரலைக் கெடுக்கிற நார்) இருக்கலாம், 1990க்கு முதல் கட்டின வீடெண்டா உடைக்க முதல் துண்டெடுத்து ஆய்வுகூடத்தில குடுத்துப் பாக்கோணும், பதினாலாயிரம் சொன்ன ஆள் அதைக் கணக்கில போட்டவரோ எண்டு கேளுங்கோ. போடாட்டி அது பதினாலோட நிக்காது. வார்ப்பிரும்பு டப்பை முழுசாத் தூக்கிக்கொண்டு படியிறங்கிறதில்லை, பழைய போர்வை போட்டு மூடிச் சம்மட்டியால துண்டு துண்டா உடைச்சுத்தான் கொண்டு போறது, கண்ணாடித் தெறிப்பு கத்தி மாதிரி வரும், அந்த நேரம் பிள்ளையளை வீட்டில வைச்சிருக்காதேங்கோ. சுவரைத் திறந்தா உள்ள இருக்கிற இரும்புத் தண்ணிக் குழாய், பழைய கழிவுக் குழாய் எல்லாம் கண்ணில படும், அப்ப மாத்தாமல் மூடுறது புத்தியில்லை. சூடு தண்ணி, பச்சைத் தண்ணிக்குத் தனித்தனித் திருகு இருக்கிற பழைய பைப்பையும் மாத்தத்தான் வேணும், ஆரோ டொய்லட் ஃபிளஷ் பண்ணினவுடன உங்கட தலையில கொதிதண்ணி கொட்டாத மாதிரி அழுத்தம் பாத்துச் சரிப்பண்ணுற வால்வு போடோணும், ஒண்டாரியோச் சட்டப்படி குளிக்கிற தண்ணி 49 பாகைக்கு மேல வரக்கூடாது.

லைனர் எண்டு பழைய டப்புக்கு மேல அக்ரிலிக் கோது ஒண்டு கவுத்து ஒட்டுறதும் இருக்கு. வேகமா முடியும், ஆனா விளிம்பால தண்ணி போய் ரெண்டுக்கும் நடுவில தேங்கினா காலை வைக்கேக்க சளக் சளக் எண்டும், பிறகு மணக்கும். எனக்குப் பிடிக்கிறதில்லை, நல்லாப் போட்டுச் சந்தோசமா இருக்கிற ஆக்களும் இருக்கினம்.

புது டப் எடுக்கிறதெண்டு முடிவெடுத்தா அக்ரிலிக் காணும், ஆனா அடியில சீமெந்துக் கலவை போட்டு அதுக்கு மேல இருத்தச் சொல்லுங்கோ, இல்லாட்டி நிக்கேக்க அடி வளையும், வளைஞ்சா சிலிக்கோன் விட்டுப் போகும். சிலிக்கோன் அடிக்கிற அண்டைக்கு டப்பைத் தண்ணியால நிரப்பி வைச்சு அடிச்சா இன்னும் நல்லம், பாரத்தில எவ்வளவு இறங்குமோ அவ்வளவும் இறங்கின நிலையில அது காயும்.

நாங்கள் டப் பாவிக்கிற விதமும் இந்தக் கணக்கில வருது, வெள்ளைக்காரக் கொன்ட்ராக்டர் இதைக் கேக்கவே மாட்டார். எங்கட வீடுகளில டப்புக்குள்ள ஒரு வாளி நிக்கும். அந்த வாளியின்ர அடியில ஒட்டுற மணலும் தூசும் பூசின டப்பை ஒவ்வொரு நாளும் உரஞ்சிக்கொண்டிருக்கும், சில்வர் செம்பு கைதவறி விழுந்தா பழைய கண்ணாடியே தெறிக்கும், பெயின்ட் எம்மாத்திரம். மஞ்சள் பூசிக் குளிச்சா, தலைமயிருக்கு டை அடிச்சா, பூசின வெள்ளையில கறை பிடிக்கும், உடன கழுவாட்டிப் போகாது. வழுக்காமல் இருக்க அடியில போடுற, உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் பாயும் கூடாது, அதை இழுக்கேக்க பூச்சும் சேந்து வரும். பூசுறதெண்டா அடியில வழுக்காத சொரசொரப்பும் சேத்து அடிச்சுத் தரச் சொல்லிக் கேளுங்கோ, கொஞ்சம் கூடக் கேப்பினம், குடுங்கோ. ஏனெண்டா மாமி சனிக்கிழமை எண்ணெய் வைச்சு முழுகிற ஆளெண்டா, அந்த எண்ணெய் டப்பில படிஞ்சாப் பிறகு ஆரும் விழலாம்.

மாமியின்ர விசயத்தில டப்பின்ர மினுக்கத்தை விட உயரம்தான் பிரச்சினை. பழையதோ புதுசோ பதினாலு பதினஞ்சு அங்குலம் காலைத் தூக்கி வைச்சுத்தான் உள்ள போகோணும். அதுக்குப் பதினாலாயிரம் தேவையில்லை, பாதி டப்புக்குள்ளயும் பாதி வெளியயும் நிக்கிற, இருந்து குளிக்கிற வாங்கு (பெஞ்ச்), கையில பிடிக்கிற ஷவர், சுவருக்குள்ள இருக்கிற மரக்கட்டையில ஸ்குரூ பண்ணிப் பூட்டின கைபிடி, இந்த மூண்டும் காணும். உறிஞ்சிப் பிடிக்கிற கைபிடியை நம்பி மட்டும் விடாதேங்கோ. முழங்கால் ஏலாத ஆளெண்டா, எப்பிடியும் ஒருநாள் டப்பை எடுத்திட்டு நடந்து போற ஷவர் வைக்கத்தான் வரும், அப்பிடியெண்டா இப்ப பூசுற காசு அந்த நாள் வரைக்கும் தள்ளிப்போடுற காசு எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. ஒரு டப்பும் இல்லாத வீடு விக்கேக்க விலை குறையும் எண்டு ஏஜென்ட்மார் சொல்லுவினம், எனக்கு அதில அவ்வளவு நம்பிக்கையில்லை.

என்ர காசெண்டா நான் செய்யிறது இது. டப் வார்ப்பிரும்பு, பொட்டுக் கெட்டியா இருக்கு, டப்புக்கு மேல இருக்கிற முதல் மூண்டு வரி டைலைத் தட்டிப் பாக்கேக்க வெறுஞ்சத்தம் கேக்கேல்லை, அமத்தினா அசையேல்லை, கீழ நிலக்கீழ் அறைக் கூரையில ஈரக்கறை இல்லை எண்டா, நல்ல ஆளைப் பிடிச்சுப் பூசுவன். டைல் வெறுஞ்சத்தம் போடுது, அமத்த உள்ள போகுது எண்டா சுவர் ஊறிப்போச்சு, அந்தச் சுவருக்குக் கீழ பூசுற ஒவ்வொரு டொலரும் நட்டம், காசு சேரும்வரைக்கும் சிலிக்கோனை மட்டும் புதுசா அடிச்சு வைச்சிட்டு மஞ்சளோடயே குளியுங்கோ.

பூசுற ஆளைக் கூப்பிட்டா, வளையங்களைக் கழட்டுவீங்களோ, புகையை எந்த யன்னலால வெளிய விடுவீங்கள், கரைக்கிறதுக்கு என்ன மருந்து பாவிக்கிறியள், அஞ்சு வருசம் எண்டு குடுக்கிற உத்தரவாதத்தில உரியிறதும் அடங்குமோ எண்டு கேளுங்கோ. காயிறதுக்கு ஒரு நாளில இருந்து மூண்டு நாள் வரை எடுக்கும், ஒரே பாத்ரூம் எண்டபடியால் அந்த நாளுகளில சொந்தக்காரர் வீட்டில போய் நில்லுங்கோ, மாமி வந்தாப் பிறகு செய்யாமல் வர முதலே செய்து முடியுங்கோ. வளையத்தைக் கழட்டேக்க பழைய பித்தளை உள்ளுக்கையே முறியிறது வழமை, அதால பிளம்பர் ஒருத்தரின்ர நம்பரையும் கையில வைச்சிருங்கோ.